பாதி வந்த படங்கள்

கணவருடைய தலையை இடது கையில் தாங்கிக்கொண்டு, வியர்வையில் நனைந்த தலையணை உறையை வலது கையால் உருவிக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. "வரேன், வரேன்" என்று வாசல் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, புது உறையின் வாயைப் பல்லால் கவ்வி விரித்துத் தலையணையைத் திணித்தாள். பிறகு அவரை மெதுவாகச் சாய்த்தாள். அவர் கண் திறக்கவில்லை. நேற்று மாலையிலிருந்தே திறக்கவில்லை.

காலையில் வந்த நர்ஸ் நாடி பார்த்தாள், பாதங்களை அழுத்திப் பார்த்தாள். பிறகு அவளைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய், "யாராவது வரணும்னா வரச் சொல்லிடுங்க. நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க" என்றாள். குழாயில் கையைக் கழுவிக்கொண்டே முதுகைக் காட்டியபடி சொன்னாள். முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியில்லாமல் போனது ஒருவகையில் நல்லதாகத்தான் இருந்தது.

யாராவது என்றால் மகள் ஒருத்திதான். அவள் ஏற்கெனவே ரயில் ஏறியிருந்தாள். அங்கிருந்தே போனில் சொல்லியிருந்தாள். "அம்மா, அப்பா முழிச்சா உடனே எனக்குப் போன் போடு. காதுல வெச்சா போதும், நான் பேசிக்கறேன். சிக்னல் போனாலும் விடாம போட்டுட்டே இரு."

"போடறேன்டி."

"மறந்துடாதம்மா. நீ பதட்டத்துல எல்லாத்தையும் மறந்துடுவ."

"மறக்க மாட்டேன்னு சொல்றேன்ல."

வாசலில் நூலகப் பெண் நின்றுகொண்டிருந்தாள். மடிக்கணினியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள். மாடிப்படியை ஓடியே ஏறியிருக்க வேண்டும், மூச்சு வாங்கியது.

"அக்கா, சார் எப்படி இருக்கார்?"

"தூங்கறார்."

"ஒரே ஒரு விஷயம் கேக்கணும்க்கா. படமெல்லாம் பாதியா வருது."

படம் என்றால் அந்த வீட்டில் வேறு விளக்கம் தேவையில்லை. போன வருஷம் ஆறு கரை மீறித் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்து வடிந்த பிறகு, ஜனங்கள் வீட்டிலிருந்ததை எல்லாம் வாரி ரோட்டில் கொட்டினார்கள். மெத்தை, அலமாரி, பாடப்புத்தகம், ஆல்பம். காப்பீட்டு அலுவலகத்தில் கணினி நிரல் எழுதும் அவள் கணவர், வேலைக்குப் போகிற வழியில் அந்தக் குவியலிலிருந்து ஊதிப்போன ஓர் ஆல்பத்தைப் பிரித்துப் பார்த்தார். மூன்று சக்கர சைக்கிளில் யார் வீட்டுக் குழந்தையோ உட்கார்ந்திருந்தது. சக்கரங்கள் ஏற்கெனவே கரைந்துவிட்டன. கரைசல் முழங்காலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அன்று அவர் அலுவலகம் போகவில்லை. இரண்டு கோணிப்பை நிறைய ஆல்பங்களோடு வீடு திரும்பினார். அவளுடைய குளியலறை, துணிக்கொடி, துணி மாட்டும் கிளிப் எல்லாம் அன்றைக்கே அவர் வசம் போயின.

பிறகு ஒரு பள்ளிக்கூடம் தன் கூடத்தைத் திறந்துவிட்டது. உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். கிளை நூலகத்தில் வேலை பார்க்கும் இந்தப் பெண்ணும் விடுமுறை நாட்களில் வந்து சேர்ந்துகொண்டாள். கழுவினார்கள், காயவைத்தார்கள், ஸ்கேனரில் வைத்து எடுத்தார்கள். பூஞ்சை அரித்த காகிதங்களை வைத்துக்கொள்ள வழியில்லாததால், படம் எடுத்ததும் எறிந்துவிட்டார்கள். "காகிதம் போனா போகட்டும், முகம் போகக் கூடாது" என்பார் அவர். எடுத்ததை எல்லாம் போட்டுவைக்க இணையதளம் ஒன்றையும் அவரே எழுதினார். யார் வேண்டுமானாலும் அதில் தேடலாம். தங்கள் வீட்டுப் படம் கண்ணில் பட்டால் 'இது எங்கள் வீட்டுடையது' என்ற பொத்தானை அழுத்தலாம்.

படங்களைத் தனி ஃபோல்டரில் போட்டுவிட்டு, அவை இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் டேட்டாபேஸில் குறித்துக்கொண்டால் போதாதா என்று அலுவலக நண்பர்கள் கேட்டார்கள். அப்படித்தான் எல்லோரும் செய்வார்களாம், வேகமாகவும் இருக்குமாம். அவர் கேட்கவில்லை. படத்தையே டேட்டாபேஸுக்குள், அதைப் பற்றிய குறிப்புக்குப் பக்கத்திலேயே வைத்தார். "முகவரி மட்டும் இருந்து வீடு இல்லாம போன கதையத்தான் தெருத் தெருவா பாத்தோமே" என்றார்.

வயிற்றில் கட்டி இருப்பது தெரிந்த பிறகும் இந்த வேலை நிற்கவில்லை. சிகிச்சை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தட்டச்சு செய்வார். அந்தத் தளத்துக்கு அவள் வைத்த பெயர் சக்களத்தி. "உங்க சக்களத்தி கூப்பிடறா, போங்க" என்பாள். "மூத்தவங்க நீங்கதானே, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்பார் அவர்.

இப்போது அந்தச் சக்களத்தி, சாவு காத்திருக்கும் வீட்டுக்கே வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நூலகப் பெண் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். ஒரு கல்யாணப் படம். பெண்ணின் நெற்றி, புருவம், கண்கள் எல்லாம் துல்லியமாக இருந்தன. மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அடுத்த படத்தில் மரத்தின் உச்சியும் ஊஞ்சல் கயிறும் தெரிந்தன. ஊஞ்சலில் இருந்தது யார் என்று தெரியவில்லை.

"புது சர்வருக்கு மாத்தினோம்க்கா. எண்ணிக்கை எல்லாம் சரியா இருந்துச்சு. அதை மட்டும் பாத்துட்டு, எல்லாம் வந்துடுச்சு, பழசை அழிச்சுக்கலாம்னு சர்வர் வாடகைக்கு விடற கம்பெனிக்கு எழுதிக் குடுத்துட்டேன். திறந்து பாக்காம விட்டுட்டேன். இன்னைக்கு சாயங்காலம் அழிச்சிடுவாங்க. போன் பண்ணி நிறுத்தச் சொன்னேன். கணக்கு சார் பேர்ல இருக்காம். சார்தான் பேசணுமாம்."

"அவரால பேச முடியாதும்மா."

"தெரியும்க்கா. ஆனா இதோட மூலம் வேற எங்கயும் இல்ல. காகிதத்தை எல்லாம் நாமதான்…"

"உனக்குப் பாதிப் படம்தான் போச்சு. எனக்கு முழுசாவே போயிட்டிருக்கு" என்றாள் அவள்.

சொன்ன பிறகுதான், இவ்வளவு உரக்கச் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அந்தப் பெண் மடிக்கணினியை ஓசைப்படாமல் மூடினாள். எழுந்து, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"வாத்தியாரம்மா."

அறைக்குள்ளிருந்துதான் வந்தது அந்தக் குரல்.

அவளை அப்படிக் கூப்பிடுகிறவர் அவர் ஒருவர்தான். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பல வருஷங்களுக்கு முன் அவளிடம் படிக்க வந்தவர்களிலேயே மோசமான மாணவர் அவர்தான். கியர் மாற்றுவதற்கு முன்னால் யோசிப்பார். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றார். கடைசிவரை உரிமம் வாங்கவில்லை. அவளைக் கல்யாணம் செய்துகொண்டார். "டிரைவரே வீட்டுல இருக்கும்போது லைசென்ஸ் எதுக்கு?" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆசிரியைக்குக் கொடுத்த 'வாங்க, போங்க'வைக் கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. அவளும் பதிலுக்கு விடவில்லை. மற்ற வீட்டுப் பெண்டாட்டிகள் மரியாதைக்குச் சொல்வதை அவர்கள் இருவரும் கொஞ்சலாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப் போய்ப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. சில நாட்களாக அந்தக் கண்களில் ஒரு படலம் இருந்தது. இன்று அது இல்லை, கழுவிவிட்டதுபோல இருந்தன. அணையப் போகிற விளக்கு என்று யாரோ மனதுக்குள் சொன்னார்கள். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அவர் அதை உறிஞ்சினார்.

"யாரு வந்திருக்கா?"

"யாருமில்ல."

"குரல் கேட்டுச்சே."

அவள் போனை எடுத்துவிட்டிருந்தாள். திரையில் மகளின் பெயர் இருந்தது. கட்டை விரல் அதன்மேல் நின்றது. "புள்ளைக்குப் போன் போடறேன். ரெண்டு வார்த்தை பேசுங்க."

"எங்க இருக்கா?"

"ரயில்ல வந்துட்டிருக்கா. சாயங்காலம் வந்துடுவா."

"வந்துட்டுதானே இருக்கா? அப்ப நேர்லயே பேசிக்கலாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "படமெல்லாம் போய்ச் சேந்துச்சா?"

சேர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் இன்னும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டுதான் இருந்தாள், இறங்கிப் போயிருப்பாள். அல்லது, சாயங்காலம் வரை நீங்கள் இருக்க மாட்டீர்கள், அதனால் இப்போதே பேசுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவள் வாயில் இரண்டு உண்மைகள் இருந்தன. சொல்லக்கூடியதாக இருந்த சின்ன உண்மையைத்தான் அவளால் வெளியே எடுக்க முடிந்தது.

"பாதி பாதியா வந்திருக்காம்" என்றாள்.

அவர் முகம் மாறியது. நோயாளியின் முகம் போய், திங்கட்கிழமைக் காலையில் அலுவலகம் கிளம்புகிற முகம் வந்தது. "அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க. என்னைக் கொஞ்சம் தூக்கி உக்கார வைங்க."

அவள் அவருக்குப் பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அவரைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். நூலகப் பெண் கட்டிலருகே முழங்காலிட்டு, மடிக்கணினியை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

"சார், என்னை மன்னிச்சிடுங்க சார்…"

"அதெல்லாம் அப்புறம். சின்னப் படங்க எப்படி இருக்கு? பாஸ்போர்ட் அளவுல இருக்குமே, அது?"

"அதெல்லாம் முழுசா இருக்கு சார்."

"பெருசுதான் அறுபடுதா?"

அந்தப் பெண் வேகமாக மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "ஆமா சார். பெருசு மட்டும்தான்."

அவர் சிரித்தார். அவள் மார்பில் அந்தச் சிரிப்பு சின்ன அதிர்வாகத் தெரிந்தது. "அப்ப படத்துல கோளாறு இல்லம்மா. பெட்டி சின்னது."

"புரியல சார்."

"புது டேட்டாபேஸ்ல படம் போடற கட்டம் இருக்குல்ல, அது எவ்வளவு தாங்கும்னு நாமதான் சொல்லி வைக்கணும். அதுல சின்ன வகை இருக்கு, பெரிய வகை இருக்கு. நீ சின்ன வகையப் போட்டிருக்க. நிரம்பற வரைக்கும் வாங்கிக்கும். மிச்சத்த வெட்டி எறிஞ்சிடும். ஒரு சத்தம் போடாது." நிறுத்தினார். நெஞ்சு ஏறி இறங்கியது. "பெரிய பெட்டியா போடு. அப்புறம் பழைய சர்வர்லேர்ந்து திரும்ப ஏத்து. புதுசுல இருக்கறத எடுக்காத. அது வெட்டுப்பட்டது."

"பழசைத்தான் சார் சாயங்காலம்…" அந்தப் பெண்ணால் முடிக்க முடியவில்லை. அவள்தான் பின்னாலிருந்து, கம்பெனிக்காரர்கள் சொன்னதை அவர் காதில் சொன்னாள்.

"நம்பரப் போடுங்க" என்றார் அவர்.

போன் போயிற்று. இந்த மொழிக்கு ஒன்றை அழுத்து, அந்த மொழிக்கு இரண்டை அழுத்து என்றது. பிறகு பெண் குரல் ஒன்று, எங்கள் பிரதிநிதிகள் அனைவரும் வேறு வாடிக்கையாளர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், காத்திருங்கள் என்றது. அதைத் தொடர்ந்து ஒரு பியானோ வாசிக்கத் தொடங்கியது. முடிவில்லாமல் ஒரே நாலு சுரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

காத்திருந்தார்கள். நூலகப் பெண் கட்டத்தை மாற்றுவதற்காகக் கூடத்துக்கு ஓடினாள். அறையில் அவர்கள் இருவரும் பியானோவும் மட்டும் இருந்தார்கள். அவர் முழுக்க அவள் கைகளுக்குள் இருந்தார். அவருடைய உச்சந்தலை அவள் மோவாய்க்குக் கீழே இருந்தது. மருந்து வாடைக்கு அடியில் இன்னும் அவர் வாடையும் இருந்தது. என்னென்னவோ கேட்க வேண்டும் என்று பல நாட்களாக நினைத்து வைத்திருந்தாள். பயமாக இருக்கிறதா? நான் என்ன செய்யட்டும்? என்னைக் கட்டிக்கொண்டதில் வருத்தம் உண்டா? ஒன்றையும் கேட்கவில்லை. குறுக்கே எந்த நேரமும் யாராவது ஹலோ சொல்லிவிடலாம்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"நல்லாவா இருக்கு? பைத்தியம் பிடிக்குது."

கொஞ்ச நேரம் கழித்து, "பிரேக்க விடுங்க" என்றார்.

"என்னது?"

"பிரேக்க மிதிச்சிட்டிருக்கீங்க."

குனிந்து பார்த்தாள். அவருக்குப் பக்கவாட்டில் நீண்டிருந்த அவளுடைய வலது கால், கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தை முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருந்தது. மாணவர்கள் தடுமாறும்போது பக்கத்து இருக்கையிலிருந்து அவள் மிதிக்கும் பிரேக். எத்தனையோ வருஷப் பழக்கம். காலை எடுத்தாள். அவர் அவளுடைய புறங்கையை விரல்களால் தட்டினார், நல்லது என்பதுபோல.

பியானோ நின்றது. ஒருவன் உற்சாகமாக வணக்கம் சொன்னான். கணக்கு எண் கேட்டான், பிறந்த தேதி கேட்டான், பதிவு செய்த முகவரி கேட்டான். அவர் சொல்லச் சொல்ல அவள் போனை அவர் வாய்க்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுபோனாள். ஒவ்வொரு பதிலுக்கும் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே வந்தது.

"சார், குரல் தெளிவா இல்ல. கணக்கு வெச்சிருக்கறவர் நீங்கதானே? கொஞ்சம் சத்தமா சொல்ல முடியுமா?"

"அவர் உடம்பு சரியில்லாம இருக்கார்யா" என்று அவள் கத்தினாள்.

"மேடம், அவர்தான் சொல்லணும்."

அவர் தலையைத் தூக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. "நான்தான். அழிக்காதீங்க" என்றார். பிறகு இன்னொரு தடவை, அவசியமே இல்லாமல், "அழிக்காதீங்க."

"குறிச்சுக்கிட்டேன் சார், நிறுத்தி வெச்சாச்சு. இன்னும் வேற ஏதாவது உதவி வேணுமா?"

அவள் போனை அணைத்தாள். அவர் தலை அவள் தோளில் சரிந்திருந்தது. "எல்லாம் சரியாயிடுச்சு. இப்ப புள்ளைகிட்ட பேசலாம், இருங்க" என்றாள். மகளின் எண்ணைப் போட்டாள். சிக்னல் இல்லை. மறுபடி போட்டாள். இல்லை. இன்னும் ஒரு தடவை போட்டபோது மணி போய், ரயிலின் தடதடப்போடு, "அம்மா, முழிச்சாரா?" என்று குரல் வந்தது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண்கள் மூடியிருந்தன. நெற்றியில் தட்டினாள். "என்னங்க. புள்ள பேசறா. என்னங்க." போனை அவர் காதில் வைத்தாள். மகள் பேசிக்கொண்டே இருந்தாள். வார்த்தை எதுவும் வெளியே தெளிவாகக் கேட்கவில்லை. மெல்லிய குரல் மட்டும், தூரத்துத் தெருவில் யாரோ யாரையோ கூப்பிடுவதுபோலக் கேட்டது. அவர் மூச்சு அதே சீரில் போய்வந்தது.

அவள் போனை எடுத்தபோது, "கேட்டாராம்மா?" என்றாள் மகள்.

"ம்."

மகள் வந்து சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. பையைக் கூடத்திலேயே போட்டுவிட்டு அறைக்குள் ஓடி, அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி அதிகமாகியிருந்தது. நர்ஸும் வந்துவிட்டிருந்தாள், செய்வதற்கு ஒன்றுமில்லாததால் ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

நூலகப் பெண் போகவில்லை. கூடத்தின் மூலையில் தரையில் உட்கார்ந்து, படங்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தாள். மகள் தண்ணீர் குடிக்க வெளியே வந்ததும் அவள் எழுந்து நின்றாள். அவளுக்குச் சூது தெரியாது. சந்தோஷமான சேதி ஒன்றாவது சொல்லலாமே என்றுதான் சொல்லியிருப்பாள்.

"மத்தியானம் சார் எவ்வளவு தெளிவா பேசினார் தெரியுமா? எழுந்து உக்காந்து, தப்பு எங்கன்னு கண்டுபிடிச்சு, கம்பெனிக்குப் போன் பேசி… நான் அவரைப் பழையபடி பாத்த மாதிரியே இருந்துச்சு. ரொம்ப நேரம் பேசினார்."

மகள் தம்ளரை மேஜைமேல் வைத்தாள். அறை வாசலில் நின்றிருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உக்காந்து பேசினாரா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரமா?"

"போட வந்தேன்டி. அவர்தான்…"

"எனக்கு ஏம்மா போடல?"

நர்ஸ் உள்ளிருந்து, "வாங்க, ரெண்டு பேரும் வாங்க" என்று கூப்பிட்டாள். ஆளுக்கொரு பக்கம் போய் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு மூச்சு வந்தது. அதன் பிறகு அடுத்ததற்காக மூவரும் காத்திருந்தார்கள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்கள். பிறகு நர்ஸ் அவள் தோளில் கை வைத்தாள்.

மறுநாள் அவரைக் கொண்டுபோய்த் தகனக் கூடத்தில் விட்டுவிட்டு வந்தார்கள். மகள் எல்லா வேலையையும் செய்தாள். உறவினர்களுக்குத் தகவல் சொன்னாள், நாற்காலி வரவழைத்தாள், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அம்மாவோடு மட்டும் பேசவில்லை. கேட்டதற்குத் தலையாட்டினாள். அவருடைய அண்ணன் மாடிப்படி முழுக்கக் கேட்கிற குரலில் போனில் ஒவ்வொருவருக்கும் விவரம் சொன்னார். "தம்பி போயிட்டான்… இல்ல, கஷ்டப்படல… தூக்கத்துலயே… ஆமா, தூங்கினாப்பல…" ஒவ்வொரு தடவையும் கதை இன்னும் கொஞ்சம் சுலபமாகிக்கொண்டே போனது.

தெரியாத முகங்கள் நிறைய வந்தன. தாழ்வான தெருக்களிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலோர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பேக்கரியில் வேலை செய்பவர் ஒருவர், மாவு படிந்த சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அவளிடம் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பள்ளிச் சீருடையில் ஒரு பெண். "எங்க மூத்தது. இப்ப இல்ல. வெள்ளத்துக்கு ரொம்ப முன்னாடியே போயிட்டா. இது ஒண்ணுதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். போனைப் பையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தேநீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்த மகளும் அந்தப் படத்தைப் பார்த்தாள். தட்டில் தம்ளர்கள் லேசாக ஒன்றோடொன்று உரசின.

கூட்டம் குறைந்த பிறகு நூலகப் பெண் அவளருகே வந்து உட்கார்ந்து, "எல்லாம் வந்துடுச்சுக்கா. இந்தத் தடவ எண்ணல. திறந்து திறந்து பாத்துட்டிருக்கேன். பாத்த வரைக்கும் முழுசா இருக்கு" என்றாள். கண்கள் வீங்கியிருந்தன. அவள் அந்தப் பெண்ணின் தலையைத் தடவி, "வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா" என்றாள்.

அந்தி நேரத்தில் வீட்டில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். அவள் சமையலறையில் தம்ளர்களைக் கழுவினாள். மகள் வந்து பக்கத்தில் நின்று, துணி எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். குழாய்ச் சத்தத்துக்கு நடுவில் கேட்டாள்.

"கடைசியா என்ன சொன்னார்?"

"அழிக்காதீங்கன்னார். அந்தக் கம்பெனிக்காரன்கிட்ட."

"உன்கிட்ட?"

"பிரேக்க விடச் சொன்னார்."

"என்னது?"

"கட்டில மிதிச்சிட்டிருந்தேன்டி. கார்னு நெனச்சு."

மகள் மூக்கால் சிரித்தாள். சிரிப்பை அவளால் ஒழுங்காக முடிக்க முடியவில்லை. துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, தம்ளரைப் பார்த்துக்கொண்டே, "என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலயா?" என்றாள்.

அவள் குழாயை மூடினாள்.

"நீ எங்க இருக்கேன்னு கேட்டார். ரயில்ல வரேன்னு சொன்னேன்." கையை முந்தானையில் துடைத்தாள். இரண்டு கையையும் துடைத்து முடித்தாள். "நேர்ல பேசிக்கலாம்னார்."

மகள் தலையை ஆட்டினாள். துடைத்த தம்ளரையே மறுபடியும் துடைத்தாள். அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் போய் வாசல் கதவைச் சாத்திட்டு வரேன்" என்று போனாள். போனவள் திரும்பி வரவில்லை.

"அம்மா" என்று வாசலிலிருந்து கூப்பிட்டாள். "இங்க வாயேன்."

அவள் போய்ப் பார்த்தாள். வந்தவர்களின் செருப்புகள் எல்லாம் போய், கதவோரம் காலியாக இருந்தது. அவளுடைய ஒரு ஜோடி, மகளுடைய ஒரு ஜோடி. மூன்றாவதாகக் கறுப்பு ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. பார்த்தால் அவருடையது மாதிரியே இருந்தது. ஆனால் ஒரு அளவு சின்னது; குதிகால் வேறு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"அப்பா செருப்ப யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்கம்மா."

"ம்."

"யாருன்னு தெரியலையே. எத்தன பேரு வந்தாங்க! எப்படித் தேடறது?"

படிக்கட்டு வழியாகக் கீழே தெரு தெரிந்தது. வேலை முடிந்து போகிறவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் கொஞ்ச நேரம் அவர்களுடைய கால்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தாறுமாறாகக் கிடந்த அந்தச் செருப்புகளை எடுத்து, தேடி வருகிறவர் மாட்டிக்கொள்ள வசதியாகத் தெருவைப் பார்த்தாற்போல் ஜோடி சேர்த்து வைத்தாள்.

"கதவை ரொம்பச் சாத்தாத" என்றாள்.